அடுக்களையில் அணு உலை

உலகத்தில் சில காரியங்களை வீட்டிலேயே செய்து கொள்ளலாம். ஊறுகாய் போடலாம், வடாம் பிழியலாம், சைக்கிளுக்குப் பங்க்சர் ஒட்டலாம், கொஞ்சம் துணிச்சல் இருந்தால் குழந்தைகளுக்குத் தலைமயிரைக்கூடக் கத்தரித்து விடலாம். வேறு சில காரியங்களை அதற்கென்று ஏற்பட்டவர்களிடம் விட்டு விடுவதுதான் க்ஷேமம். பல் பிடுங்குவது, மின்சாரக் கம்பத்தில் ஏறுவது, பாம்பு பிடிப்பது முதலியவை இந்த இரண்டாவது ஜாபிதாவைச் சேர்ந்தவை. அதில் அணுவைப் பிளப்பதையும் சேர்க்க வேண்டி வரும் என்று, சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வரையில், நாம் சொப்பனத்திலும் நினைத்ததில்லை.

அன்று காலை திருப்பாதிரிப்புலியூரில் நம் வீட்டுத் திண்ணையில் காப்பியும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். நம் வகுப்பு மாணவன் ஒருவன், பதினாறு வயதிருக்கும், கக்கத்தில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்துடன் வந்து நின்றான்.

"ஸார், ஒரு கையெழுத்து வேண்டும்."

"எதற்கப்பா? பஸ் பாஸுக்கா?"

"இல்லை ஸார். அணு உலைக்கு."

காப்பி புரைக்கேறியது. அவன் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து நம் முன் வைத்தான். முத்து முத்தான எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது:

காஸ் லைட் மாண்டில் – 200. புகை கண்டறியும் கருவி – 50. பழைய ரேடியம் கடியாரம் – கிடைத்த வரையில். லிதியம் பாட்டரி – 100. அலுமினியத் தாள் – 2 சுருள். பாட்டியின் இரும்புச் சட்டி – 1.

கடைசி வரிக்கு எதிரே மட்டும் சிவப்பு மையால் 'சரி' போட்டிருந்தது.

"பள்ளிக்கூடத்து ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் கம்பெனிக்காரர்கள் சாமான் அனுப்பி விடுவார்கள், ஸார்" என்றான் பையன்.

நாம் சிரித்தோம். வயிறு குலுங்கச் சிரித்தோம். இருபது வருஷமாக உபாத்தியாயராக இருப்பவர்களுக்கு இப்படிச் சிரிக்கச் சந்தர்ப்பங்கள் அடிக்கடி வாய்ப்பதில்லை. பையன் முகம் சுண்டிப் போயிற்று. "விளையாட்டு இல்லை, ஸார். முப்பது மாண்டில் எரித்தாகி விட்டது" என்றான். கல்யாணத்துக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விட்டுக் கொண்டிருந்த ஒரு பழங்கடையில் மிச்சம் கிடந்த பழைய சரக்காம்.

"சாம்பல் எங்கே?"

"கொல்லையில் ஒரு புட்டியில் இருக்கிறது. கொஞ்சம் காற்றில் போய் விட்டது."

நம்முடைய சிரிப்பு அத்துடன் நின்றது.

மிச்சிகன் மாகாணத்து முன்னோடி

இந்தப் பையனுக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் டேவிட் ஹான் என்று ஒரு பிள்ளை இருந்தான். சாரணர் படையில் சேர்ந்து அணுசக்தி விஷயத்தில் தேர்ச்சிப் பதக்கம் வாங்கியவன். பதக்கத்துடன் திருப்தி அடையாமல், தன் தாயார் வீட்டுக் கொல்லையில் தோட்டச் சாமான்கள் வைக்கும் கொட்டகையில் ஓர் அணு உலையே கட்டி விடுவதென்று கிளம்பினான். 1994-ஆம் வருஷத்தில் அவனுக்கு வயது 17.

சாமான்கள் சேர்த்த விதம் அபாரமானது. விளக்கு மாண்டில்களிலிருந்து தோரியம். புகை கண்டறியும் கருவிகளிலிருந்து அமெரிசியம். பழங்கடியாரங்களில் இருட்டில் ஒளிவிடுவதற்காகப் பூசியிருந்த வர்ணத்திலிருந்து ரேடியம். சந்தேகம் வந்தபோது தன்னை ஒரு பௌதிக உபாத்தியாயர் என்று சொல்லிக்கொண்டு பெரிய பெரிய இலாகாக்களுக்கும் கம்பெனிகளுக்கும் கடிதம் எழுதினான். அவர்களும் விவரமாகப் பதில் எழுதினார்கள். உபாத்தியாயரின் கடிதத்துக்கு இவ்வளவு மதிப்புள்ள தேசமும் பூலோகத்தில் இருக்கிறது என்பது நமக்குப் புதிய செய்தி.

உலை என்னவோ கட்டி முடிந்தபாடில்லை. ஆனால் கதிர்வீச்சு மட்டும் நாளுக்கு நாள் ஏறிற்று. சில வீடுகளுக்கு அப்பால் நின்று பார்த்தாலும் கைகர் கருவி 'டிக் டிக்' என்றது. பிள்ளையாண்டானுக்கே பயம் வந்து எல்லாவற்றையும் கலைக்க ஆரம்பித்தான். அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்துக் கடைசியில், மோட்டார் டயர் திருடுகிறான் என்று சந்தேகித்துப் போலீஸார் அவனை நிறுத்திக் காரைச் சோதித்தார்கள். டயருக்குப் பதிலாக ஒரு விசித்திரமான பெட்டி அகப்பட்டது. 1995 ஜூன் மாதத்தில் சர்க்கார் ஆட்கள் பாதுகாப்பு உடை தரித்து வந்து, கொட்டகையைத் துண்டு துண்டாகப் பிரித்து, 39 பீப்பாய்களில் அடைத்து, யூட்டா மாகாணத்தில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். எல்லாவற்றிலும் அபாயமான பொருள்களை, பிள்ளைக்கு வம்பு வரக் கூடாதென்று, தாயார் அதற்கு முன்பே குப்பையில் எறிந்து விட்டாளாம்! தாய்மார்கள் எங்கும் ஒரே மாதிரிதான்.

இவனுக்கு ஒரு பின்னோடியும் உண்டு. ஸ்வீடன் தேசத்தில் ஆங்கல்ஹோல்ம் என்ற ஊரில் ரிச்சர்ட் ஹாண்டில் என்பவர் 2011-ல் தம் வீட்டு அடுக்களையிலேயே அணுவைப் பிளக்க முயன்றார். அமெரிசியத்தையும் ரேடியத்தையும் திராவகத்தில் போட்டு அடுப்பில் வைத்தார். அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பால் பொங்கினால் துடைத்து விடலாம். இதை என்ன செய்வது? பிறகு அவருக்கு ஒரு நல்ல புத்தி தோன்றிற்று. "இப்படி வீட்டில் அணு உலை வைப்பது சட்டப்படி சரிதானா?" என்று கதிர்வீச்சு அதிகாரிகளுக்கே எழுதிக் கேட்டார். பதில் தபாலில் வரவில்லை. போலீஸாரைக் கூட்டிக்கொண்டு அதிகாரிகளே நேரில் வந்து விட்டார்கள்.

வம்பும் அணுவும்

இவர்கள் ஒருவராலும் உலையை எரிய வைக்க முடியாமற் போனதன் காரணம் என்ன? அணுவுக்கும் வம்புக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒரு தெருவில் இரண்டே வீடு இருந்தால் எவ்வளவு ருசிகரமான வம்பாக இருந்தாலும் பரவாது. தெருக்கோடிக்குப் போய்க் காற்றோடு கலந்து விடும். அதே வம்பு நெருக்கமான அக்கிரகாரத்தில் விழட்டும். ஒருவர் இருவரிடம் சொல்ல, இருவர் நால்வரிடம் சொல்ல, உச்சிப் பொழுதுக்குள் ஊர் முழுவதும் பற்றிக்கொள்ளும். யுரேனிய அணு ஒன்று பிளக்கும்போது இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளிவருகின்றன. அவை வேறு அணுக்களைத் தாக்கிப் பிளந்தால்தான் தொடர் நிகழ்ச்சி உண்டாகும். பொருள் கொஞ்சமாக இருந்தால் அவை வெளியே ஓடி விடுகின்றன. வம்பு அணைந்து விடுகிறது.

முதல் அணு உலையை 1942 டிசம்பர் 2-ந் தேதி சிக்காகோ நகரில் என்ரிகோ பெர்மியும் அவருடைய கோஷ்டியாரும் ஓட்டிக் காட்டினார்கள். அதற்கு அடுக்கிய கிராபைட் கட்டிகள் சுமார் 45,000. யுரேனியமும் யுரேனிய ஆக்ஸைடும் சேர்ந்து ஏறக்குறைய 50 டன். இவ்வளவு கோலாகலத்துக்கும் பிறகு அன்று கிடைத்த சக்தி அரை வாட்! நம் வீடுகளில் 'ஜீரோ வாட்' என்று பெயர் சொல்லி எரித்து வந்த பழைய விடிவிளக்குக் கூட அதைப்போல் இருபது முப்பது மடங்கு மின்சாரம் குடிக்கும். ஆக, 200 மாண்டில்களையும் ஓர் இரும்புச் சட்டியையும் வைத்துக்கொண்டு கடலூருக்கு வெளிச்சம் போட முடியாது.

உலை எரியாது என்பது வேடிக்கை. ஆனால் விஷம் பரவும் என்பது வேடிக்கையல்ல. உலைக்கு டன் கணக்கில் வேண்டும். மனிதனுக்குத் தீங்கு செய்யத் துளி போதும்.

கொல்லைப்புறம்

பையனுடைய வீட்டுக் கொல்லையில் நாம் கண்ட காட்சியை எளிதில் மறக்க முடியாது. கிணற்றடியில் பாட்டி வடாம் காயப் போட்டிருந்தாள். அதற்கு நாலடி தள்ளி, கருகிய செங்கல் ஒன்றின் பக்கத்தில் அந்தப் புட்டி இருந்தது. பையனுடைய தங்கை, நாலு வயதுக் குழந்தை, அந்தச் சாம்பல் தரையில் உட்கார்ந்து பொம்மைக்குச் 'சோறு' வடித்துக் கொண்டிருந்தாள். கையெல்லாம் வெள்ளைப் பொடி.

அந்தக் கணத்தில் நமக்கு நினைவு வந்தது பிரேஸில் தேசத்துக் கோயானியா நகரம். 1987-ஆம் வருஷம் அங்கே மூடிக் கிடந்த ஒரு வைத்தியசாலையிலிருந்து கதிர்வீச்சு யந்திரம் ஒன்றைப் பழைய இரும்பு என்று இரண்டு பேர் எடுத்துப் போனார்கள். உடைத்தபோது உள்ளே ஒரு பொடி இருட்டில் நீலமாக ஒளிவிட்டது. அழகாயிருக்கிறதே என்று உற்றார் உறவினருக்கெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார்கள். அது ஸீஸியம். நாலு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருத்தி, அந்தப் பொடியை உடம்பில் பூசிக்கொண்டு விளையாடிய ஆறு வயதுப் பெண் குழந்தை. ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட ஜனங்களைப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று.

தூர தேசத்துக்குப் போவானேன்? நம் டில்லியிலேயே 2010-ல் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் இதே கதை நடந்தது. பல்கலைக்கழக ரசாயனப் பிரிவில் வெகு காலம் சும்மா கிடந்த யந்திரம் ஒன்று ஏலத்தில் போயிற்று. அதிலிருந்த கோபால்ட் துண்டுகள் கைமாறின. ஒரு துண்டைப் பணப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவரும் உண்டு. ஒருவர் உயிரிழந்தார்; பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கோயானியாவிலும் மாயாபுரியிலும் ஒருவரும் அணு விஞ்ஞானியாக ஆசைப்படவில்லை, அறியாமல் தொட்டவர்கள். நம் மாணவனோ அறிந்தே தொட்டிருக்கிறான்!

குழந்தையை வாரி எடுத்துக் குளிப்பாட்டச் சொன்னோம். வடாம் குப்பைக்குப் போயிற்று. "வாத்தியார் ஐயா, வெறும் சாம்பலுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? பல் தேய்க்கிற பொடியாச்சே!" என்றாள் பாட்டி. என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தோம். பையன் மட்டும் வாய் திறக்கவில்லை. தங்கையின் கையையே பார்த்துக் கொண்டிருந்தான். கண்ணில் நீர் தளும்பிற்று.

ரயிலில் ஒரு கனவான்

அன்று பிற்பகலே பையனையும் அழைத்துக் கொண்டு சிதம்பரத்துக்கு ரயில் ஏறினோம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நமக்குப் பௌதிகம் போதித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். சாம்பல் புட்டியை மெழுகுத் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டோம்.

எதிர் ஆசனத்தில் ஒரு கனவான். ஆலப்பாக்கம் தாண்டியதும் அருகில் நகர்ந்து, குரலைத் தாழ்த்தி ஒரு ரகசியம் சொன்னார். இடி விழுந்த பழங்கோயில் கலசம் ஒன்று இருக்கிறதாம். அதிலுள்ள செம்பு இரிடியமாக மாறி விட்டதாம். அரிசியைத் தானாக இழுக்கிறதாம். அமெரிக்க விண்வெளி ஸ்தாபனத்தார் கோடி கோடியாகக் கொடுக்கக் காத்திருக்கிறார்களாம். பரிசோதிக்கும் விஞ்ஞானிக்குக் கதிர்வீச்சு உடை வாங்க ஒரு லக்ஷம் மட்டும் குறைகிறது. பங்கு சேர இஷ்டமா?

இந்த இரிடியப் புரட்டு தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களை மொட்டையடித்திருக்கிறது. 2018-ல் டில்லிப் போலீஸார் இதே வியாபாரம் செய்த ஒரு தகப்பனையும் மகனையும் பிடித்தார்கள். விண்வெளி வீரர்கள் மாதிரி பளபளவென்று உடை மாட்டிக்கொண்டு ஒரு வியாபாரியிடம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கறந்தவர்கள் அவர்கள்.

நாம் பதில் சொல்வதற்குள் பையன் வாய் திறந்தான். "இரிடியம் 77-வது மூலகம். செம்பு 29-வது. இடி விழுந்தால் செம்பு உருகும்; இரிடியம் ஆகாது. அரிசிக்குள் இரும்புத் தூள் கலந்திருக்கிறதா என்று ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தீர்களா, மாமா?"

கனவானின் முகம் வெளுத்தது. "நான் மூன்று லக்ஷம் போட்டிருக்கிறேன், தம்பி" என்றார் மெதுவாக. அவர் ஏமாற்றுகிறவர் அல்ல, ஏமாந்தவர். பரங்கிப்பேட்டையில் இறங்கிப் போகும்போது திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

நமக்கு அப்போது ஒன்று விளங்கிற்று. பட்டப்படிப்புப் படித்தவர் போலத் தோன்றிய ஒரு பெரிய மனிதரைக் காட்டிலும் இந்தப் பையனுக்கு விஞ்ஞானம் தெரியும். அப்படிப்பட்டவன் கொல்லையில் சாம்பல் புட்டியுடன் உட்கார்ந்திருந்ததற்கு யார் பொறுப்பு?

பேராசிரியரின் தீர்ப்பு

சிற்சபையின் பொன் ஓடுகள் மாலை வெயிலில் மின்னிக் கொண்டிருந்த நேரத்துக்குப் பேராசிரியர் வீட்டை அடைந்தோம். அவர் சிரிக்கவில்லை; கோபிக்கவும் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு சிறு கருவியை எடுத்து வந்து டப்பாவின் பக்கத்தில் வைத்தார். மெதுவாகத் தட்டிக் கொண்டிருந்த கருவி 'டக டக'வென்று வாயாட ஆரம்பித்தது. பையன் கேட்டறியாத பாஷை அது. பிரமித்து நின்றான்.

"தோரியம்தான்" என்றார் பேராசிரியர். "கோயானியாவோடு பார்த்தால் இது கொசு. பயந்து சாக வேண்டாம். இதன் கதிரில் பெரும்பகுதி தோலைத் தாண்டாது. ஆனால் பொடியாகி மூச்சிலோ சோற்றிலோ கலந்து உள்ளே போனால், உள்ளேயே உட்கார்ந்து கொண்டு சுடும். கொல்லையைப் பெருக்காதே, தூசி எழும். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் மூடி வை. யாரிடம் ஒப்படைப்பது என்று நான் விசாரித்து எழுதுகிறேன்."

பிறகு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டார். "லூயி ஸ்லோட்டின் என்று ஒருவர் இருந்தார். லாஸ் அலாமாஸில் அணுகுண்டு செய்தவர்களில் கைதேர்ந்தவர். 1946 மே 21-ந் தேதி புளூடோனிய உருண்டைமேல் மூடியைத் தாழ்த்திக் கொண்டிருந்தார். இடையில் தடுப்பாக ஒரு ஸ்க்ரூ டிரைவர். அது நழுவிற்று. ஒரு நீல ஒளி. ஒன்பதாம் நாள் இறந்தார். நிபுணர் கதியே இது."

பையன் தலை குனிந்தான்.

"ஆனால் உன் யோசனை தப்பில்லையப்பா, இடந்தான் தப்பு" என்று தொடர்ந்தார். "தோரியத்தில் நியூட்ரானைச் செலுத்தினால் அது நாளடைவில் யுரேனியம் 233 ஆகிறது. அது எரியும். நம் தேசத்துக்கு யுரேனியம் கொஞ்சம்; தோரியமோ தென்கோடிக் கடற்கரை மணலில் குவிந்து கிடக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், தேங்காய் நார்ச் சரக்கோடு ஒட்டி வந்த மணலைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சி மணல் அப்போது கப்பலேறியது விளக்கு மாண்டிலுக்காக! இப்போது கல்பாக்கத்தில் அதற்கு வேறு மரியாதை. தோரியத்திலிருந்து செய்த யுரேனியம் 233-ஐக் கொண்டு ஓடும் 'காமினி' என்ற உலை 1996-ல் அங்கே உயிர் பெற்றது. முப்பது கிலோவாட். அதற்குப் பின்னால் எத்தனை பேருடைய எத்தனை வருஷத்து உழைப்பு! நீயும் போ. படித்து விட்டு, வாசல் வழியாகப் போ. கொல்லை வழியாகப் போகாதே."

பையன் நிமிர்ந்தான். "அதுவரையில் என்ன செய்வது, ஸார்?" என்று கேட்டான்.

பேராசிரியர் நம்மைப் பார்த்தார். அந்தப் பார்வை நமக்குப் புரிந்தது. நம் பள்ளிக்கூடத்துப் பிரயோகசாலையில் கண்ணாடி பீரோ ஒன்று இருக்கிறது. பூட்டியிருக்கிறது. சாவி ஆபீஸில் இருக்கிறது. பரீக்ஷைக்குப் பதினைந்து நாளைக்கு முன்பு திறந்து, பரீக்ஷை முடிந்ததும் பூட்டி விடுவோம். சாமான்கள் உடையாமல் இருக்கின்றன. பையன்களின் ஆவலைத்தான் உடைத்து வந்திருக்கிறோம். டேவிட் ஹானுக்கும் நல்ல வழி காட்ட ஒருவரும் அமையவில்லை போலும். பிற்காலத்தில் அணுசக்தியால் ஓடும் போர்க்கப்பல் ஒன்றில் வேலை பார்த்தான். ஆனால் உலைப் பக்கம் போகும் பாக்கியம் கிடைக்கவில்லை. 2007-ல் மறுபடியும் புகை கண்டறியும் கருவிகளைத் திருடினான் என்று பிடிபட்டான். 2016-ல், முப்பத்தொன்பதாம் வயதில், கதிர்வீச்சோடு சம்பந்தமில்லாத காரணத்தால், காலமானான்.

பேராசிரியர் தம் கருவியைப் பையனிடம் கொடுத்தார். "ஒரு மாதம் வைத்துக்கொள். ஒன்றையும் எரிக்காதே; ஒன்றையும் உடைக்காதே. எண்ணு. அது போதும்" என்றார்.

இப்போது பையனுடைய நோட்டுப் புத்தகத்தில் வேறு பட்டியல் வளர்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நிமிஷத்துக்கு எத்தனை. வீட்டுச் சிமெண்டுத் தரையில் எத்தனை. கோயில் கருங்கல்லில் எத்தனை. மழைக்கு முன் எத்தனை, பின் எத்தனை. ஒன்றையும் வாங்காமல், ஒன்றையும் சுடாமல், உலகமெங்கும் ஓயாமல் சிறு கதிர்கள் ஓடிக் கொண்டிருப்பதைக் கண்டு பிடித்து விட்டான். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து 'டிக்' சப்தத்தை எண்ணுகிறாளாம். பத்துக்கு மேல் அவளுக்கு எண்ணத் தெரியாது. திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாளாம்.

நாமும் ஒரு கையெழுத்துப் போட்டோம். அணு உலைக்கு அல்ல. சனிக்கிழமைகளில் பிரயோகசாலையைத் திறந்து வைக்க வேண்டும், சாமான் உடைந்தால் பொறுப்பு நம்முடையது என்று மேலிடத்துக்கு எழுதிய விண்ணப்பத்துக்கு. சாவி இப்போது நம் சட்டைப் பையில் இருக்கிறது. இதுவரையில் உடைந்தவை இரண்டு சோதனைக் குழாய்களும் ஒரு தெர்மாமீட்டரும்.

பாட்டியின் இரும்புச் சட்டி பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டு விட்டது. நல்ல வேளையாக அதில் ஒரு மாண்டிலும் வேகவில்லை. சென்ற வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, அதே சட்டியில் வதக்கிய கத்தரிக்காயை நமக்குப் பரிமாறினாள் பாட்டி. பையன் சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்து, நம் இலைக்கு மேலே ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தான்.

"சாப்பிடலாம், ஸார்" என்றான்.